தறி நம்முது... டிசைன் யாருது?

ஜலகண்டாபுரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. பின்கட்டில் அண்ணனும் தம்பியும் ஒரு பழைய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. விண்டோஸ் எப்போதோ படுத்துவிட்டது. லினக்ஸ் மட்டும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

"அண்ணா, இதுல 'டூம்' கேம் போட்டுக் குடுண்ணா. பழைய கேம்தானே, இதுல ஓடும்னு சொன்னாங்க."

அண்ணன் தேடுகிறான். லினக்ஸின் மென்பொருள் பட்டியலில் டூம் விளையாட்டை ஓட்டும் புரோகிராம் இருக்கிறது. ஒரே தட்டு, இறங்கிவிட்டது. திறந்தால், 'விளையாட்டுக் கோப்பைக் காணோம்' என்று சொல்லி நின்றுவிடுகிறது.

"என்னண்ணா இது, கேமைக் குடுத்துட்டு கேம் இல்லைங்குது?"

அந்த நேரம் அறைக்குள் வந்த அப்பா சிரிக்கிறார். "தறி நம்முது கண்ணு. அதுல மாட்டுற டிசைன் அட்டை யாருது? அட்டை இல்லாம தறி என்னத்த நெய்யும்?"

கம்ப்யூட்டர் தெரியாத அப்பா, ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். காசுக்கு விற்ற ஒரு வீடியோ கேமை லினக்ஸுக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் முப்பது ஆண்டுகளாக முட்டிக்கொண்டிருக்கும் சுவர் இதுதான்.

தறியும் அட்டையும்

ஜக்கார்டு தறியில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, நூலைத் தூக்கி இறக்கி நெய்யும் இயந்திரம். இன்னொன்று, எந்த நூலைத் தூக்க வேண்டும் என்று சொல்லும் துளையிட்ட அட்டைகள். தறி அதேதான், அட்டையை மாற்றினால் மாங்காய் பார்டர் மயில் பார்டர் ஆகிவிடும்.

வீடியோ கேமும் அப்படித்தான். 'என்ஜின்' என்பது தறி. திரையில் உருவங்களை நகர்த்துவது, சுட்டால் சத்தம் வரவைப்பது, சுவரில் மோதினால் நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. 'டேட்டா' என்பது அட்டை. படங்கள், இசை, குரல்கள், கட்டங்களின் வரைபடம், கதை எல்லாம் அதற்குள். இரண்டும் சேர்ந்தால்தான் விளையாட்டு.

தறிக்கு ஒரு சொந்தக்காரர், அட்டைக்கு இன்னொரு சொந்தக்காரர் இருக்கலாம். அட்டைக்கு உள்ளேயே பாட்டுக்கு ஒருவர், படத்துக்கு ஒருவர் என்று நான்கு பேர்கூட இருக்கலாம். தறிக்காரர் "எடுத்துக்கோங்க" என்று சொன்னால், அது அட்டைக்கும் சேர்த்துச் சொன்னதாகாது.

கடை இல்லை, களஞ்சியம்

லினக்ஸ் என்பது ஒரே பொருள் இல்லை. டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்று பல வகைகள் உண்டு. இவற்றை 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பார்கள். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸுடன் இந்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே மாணவர்கள் கைக்கு வந்தது.

ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூஷனுக்கும் ஒரு களஞ்சியம் உண்டு. ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் அதில் 'பேக்கேஜ்' ஆக, பொட்டலம் கட்டி வைக்கப்பட்டிருக்கும். கட்டுபவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அந்தப் பொட்டலங்களை உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தங்கள் சர்வர்களில் நகலெடுத்து வைத்து, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கின்றன.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். நீங்கள் ஒரு கேமை டவுன்லோடு செய்து விளையாடுவதற்கு ஒரு அனுமதி போதும். களஞ்சியத்தில் வைக்க அது போதாது. நகலெடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்க அனுமதி வேண்டும். பிழை இருந்தால் திருத்த அனுமதி வேண்டும். வேறு வகை சிப்பில் ஓடும்படி மாற்றிக் கட்டவும் அனுமதி வேண்டும். லினக்ஸை சி.டி.யில் பதித்து ஒருவர் நூறு ரூபாய்க்கு விற்றால், அதற்கும் தடை இருக்கக் கூடாது.

"எங்கள் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்" என்று ஒரு கேம் கம்பெனி எழுதியிருக்கும். படிப்பவருக்கு இனிக்கும். பொட்டலம் கட்டுபவருக்கு அது கசப்பு. 'எங்கள் தளத்திலிருந்து' என்றால், மற்ற தளத்திலிருந்து கூடாது என்றுதானே பொருள்? கல்யாண வீட்டில் இலவசமாகச் சாப்பிடலாம். அண்டாவோடு தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் பந்தி வைக்க முடியுமா?

மூன்று அறைகள்

1993-ல் தொடங்கிய டெபியன், 1997-ல் ஒரு 'சமூக ஒப்பந்தம்' எழுதி வைத்துக்கொண்டது. எது கட்டற்ற மென்பொருள் என்பதற்கு அதில் விதிகள் உண்டு. நகல் கொடுக்கலாம், மூல நிரல் கிடைக்க வேண்டும், திருத்தலாம், இன்னாருக்கு மட்டும், இன்ன வேலைக்கு மட்டும் என்று பாகுபாடு கூடாது. இவைதான் முக்கியமானவை.

அதன்படி களஞ்சியத்தை மூன்று அறைகளாகப் பிரித்தார்கள். 'மெயின்' என்ற பெரிய அறையில் தறியும் அட்டையும் எல்லோருக்கும் பொது. 'கான்ட்ரிப்' என்ற அறையில் தறி பொது. ஆனால் அதை ஓட்ட வேறொருவரின் அட்டை வேண்டும். 'நான்-ஃப்ரீ' என்ற அறையில், நகல் கொடுக்க அனுமதி உண்டு; மற்ற உரிமைகளில் ஏதோ ஒன்று இல்லை. நகல் கொடுக்கவே அனுமதி இல்லாத பொருளுக்கு இந்த வீட்டில் திண்ணையில்கூட இடமில்லை.

ஒரு புதிய பொட்டலம் உள்ளே வர வேண்டுமானால், அதிலுள்ள கோப்புகள் யாருடையவை, எந்த உரிமத்தில் வருகின்றன என்று 'காப்பிரைட்' என்ற கோப்பில் எழுதித்தர வேண்டும். அதைச் சரிபார்க்கத் தனிக் குழுவே இருக்கிறது. ஒரு விளையாட்டில் பல ஆயிரம் படங்களும் ஒலிகளும் இருக்கும். அதில் ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம் எங்கிருந்து எடுத்தது என்று தெரியாவிட்டாலும் பொட்டலம் வாசலில் நிற்கும். எழுதிய நிரலைவிட இந்தக் கோப்பை எழுதத்தான் அதிக நாள் ஆகிறது என்று புலம்பாத பொட்டலக்காரர் குறைவு.

டூம் சொல்லும் கதை

தம்பி கேட்ட டூமுக்கே வருவோம். அமெரிக்காவின் 'ஐடி சாஃப்ட்வேர்' 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட விளையாட்டு. அதன் முதல் பாகத்தை 'ஷேர்வேர்' என்று சொல்லி, யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்று விட்டார்கள். மீதிப் பாகங்களுக்குக் காசு. ருசி பார்க்க ஒரு லட்டு, மீதி வேண்டுமானால் கடைக்கு வா என்ற உத்தி.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1997 டிசம்பர் 23 அன்று, டூம் என்ஜினின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்டது. வெளியே வந்தது விற்பனையில் சக்கைப்போடு போட்ட டாஸ் பதிப்பின் நிரல் அல்ல. லினக்ஸ் பதிப்பின் நிரல். காரணம், டாஸ் பதிப்பில் ஒலிக்கான பகுதியை அவர்கள் வேறொருவரிடம் உரிமம் வாங்கிப் பயன்படுத்தியிருந்தார்கள். தன் வீட்டுப் பொருளைத் தானம் கொடுக்கலாம். இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கொடுக்க முடியாதே!

அப்போதும் லினக்ஸ் களஞ்சியங்களுக்கு முழு வழி திறக்கவில்லை. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று முதல் உரிமத்தில் நிபந்தனை இருந்தது. 1999 அக்டோபரில் 'ஜி.பி.எல்.' என்ற பொது உரிமத்துக்கு மாற்றினார்கள். இப்போது தறி எல்லோருக்கும் சொந்தம். ஆனால், அட்டை? படங்கள், இசை, கட்டங்கள் எல்லாம் இன்றுவரை காசுக்கு விற்கும் பொருள்தான். முதல் பாகத்தின் ஷேர்வேர் கோப்பு, திருத்த உரிமை இல்லாததால், டெபியனின் நான்-ஃப்ரீ அறைக்குப் போனது.

2011-ல் 'டூம் 3' என்ஜினைத் திறந்தபோது இன்னொரு முட்டுக்கட்டை. நிழல் வரையும் ஒரு உத்திக்கு வேறொரு கம்பெனியிடம் காப்புரிமை இருந்தது. வக்கீல்கள் தயங்க, அந்தப் பகுதியை ஜான் கார்மாக் மாற்றி எழுதிய பிறகே நிரல் வெளியே வந்தது. ஒரு நிழலுக்குக்கூட சொந்தக்காரர் இருக்கும் உலகம் இது.

பாட்டுக்கு யார் சொந்தம்?

இது கம்ப்யூட்டர்காரர்களின் தலைவலி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் வெளிநாட்டில் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தபோது, தன் இசையில் வந்த பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. டீக்கடை வரை அது பேச்சானது. பாடியவரே பாட ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்றது ஒரு கட்சி. பாட்டை உருவாக்கியவருக்கு உரிமை இல்லையா என்றது மறு கட்சி.

வீடியோ கேமிலும் அதே சண்டை, சத்தமில்லாமல் நடக்கிறது. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' விளையாட்டில் காரில் போகும்போது ரேடியோ பாடும். அதிலிருந்த பல பாடல்களின் உரிமம் பத்து ஆண்டுகளில் முடிந்துபோக, 2018-ல் அந்தப் பாடல்கள் நீக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவரின் விளையாட்டிலிருந்தே பாட்டு காணாமல் போனது. சொந்தக் கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், அதைப் பொட்டலம் கட்ட நினைக்கும் வெளியாளின் நிலை?

பெயரிலும் சிக்கல் வரும். நிரல் கட்டற்றது, ஆனால் வணிகப் பெயரும் லோகோவும் கம்பெனிக்குச் சொந்தம். இந்தத் தகராறில்தான் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை 2006-லிருந்து பத்து ஆண்டுகளுக்கு 'ஐஸ்வீசல்' என்ற பெயரில் டெபியன் கொடுத்துவந்தது. நரி போய் கீரி வந்த கதை!

சொந்தக்காரரைக் காணோம்

சொந்தக்காரர் "முடியாது" என்றால்கூடப் பரவாயில்லை. சொந்தக்காரர் யார் என்றே தெரியாவிட்டால்?

'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' என்ற உளவாளிப் பெண்ணின் விளையாட்டு 2000-ல் வந்து பாராட்டு வாங்கியது. பிறகு கம்பெனிகள் கைமாறின, இணைந்தன. பழைய விளையாட்டுகளைத் தூசி தட்டி விற்கும் 'நைட்டைவ்' என்ற நிறுவனம், அதை மறுபடி வெளியிட உரிமை கேட்டுப் புறப்பட்டது. மூன்று பெரிய நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள். உரிமை தங்களிடம் இருக்கிறதா என்று ஒரு நிறுவனத்துக்கே உறுதியாகத் தெரியவில்லை. பழைய பத்திரங்கள் எந்தப் பெட்டியிலோ! கடைசியில் நைட்டைவ் கையைக் கழுவியது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவிகிதம் இன்று கடையில் வாங்கவே கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பங்காளித் தகராறில் பூட்டிக் கிடந்து கூரை விழும் பூர்வீக வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

நல்லபடியாக முடிந்த கதையும் உண்டு. 1999-ல் வந்த 'வார்ஸோன் 2100' விளையாட்டின் நிரலை 2004 டிசம்பரில் ஜி.பி.எல். உரிமத்தில் திறந்துவிட்டார்கள். ரசிகர்கள் துள்ளிக்குதித்தார்கள். ஆனால், படங்களுக்கும் ஒலிகளுக்கும் வீடியோக்களுக்கும் என்ன உரிமம் என்று தெளிவாக எழுதவில்லை. கொடுக்கும் மனம் இருந்தும், கொடுத்ததாக எழுதிய தாளில் ஓட்டை. அது தெளிவாக 2008 ஜூன் வரை ஆனது. அப்போது எழுதாமல் விட்ட இரண்டு வரிக்கு மூன்றரை ஆண்டு விலை.

வக்கீல் தொடங்கிய கேம் கம்பெனி

சுற்றி வளைப்பானேன், முறையாக உரிமம் வாங்கி, லினக்ஸுக்கு மாற்றி, காசுக்கே விற்றால் என்ன என்று ஒருவர் நினைத்தார். ஸ்காட் டிரேகர் என்ற முன்னாள் வக்கீல் 1998-ல் 'லோக்கி' என்ற கம்பெனி தொடங்கினார். 1999-ல் 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' விளையாட்டை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்தடுத்து பல விளையாட்டுகள். ஆனால், உரிமத்துக்குக் கொடுத்த காசுக்கு ஏற்ப விற்பனை இல்லை. 2002 ஜனவரியில் கதவை மூடினார்கள்.

கம்பெனி போனது; ஒன்று மிஞ்சியது. அங்கே வேலை பார்த்த சாம் லான்டிங்கா உருவாக்கிய 'எஸ்.டி.எல்.' என்ற நிரல் நூலகம், கட்டற்ற உரிமத்தில் இருந்ததால், கம்பெனியோடு சேர்ந்து சாகவில்லை. இன்றும் ஏராளமான விளையாட்டுகள் அதன்மேல்தான் ஓடுகின்றன. 2013 பிப்ரவரியில் 'ஸ்டீம்' கடை லினக்ஸுக்கு வந்தபோது, அதை நடத்தும் வால்வ் நிறுவனத்தில் லான்டிங்காவும் இருந்தார். லோக்கி விற்ற விளையாட்டுகளின் பெட்டிகள் பரணில் தூங்குகின்றன. இலவசமாகக் கொடுத்தது ஊரெல்லாம் ஓடுகிறது.

கண்டுபிடித்த வழிகள்

சுவர் இருந்தால் சுற்றிப்போக வழி பார்ப்பதுதானே மனித குணம். பொட்டலக்காரர்கள் நான்கு வழி கண்டுபிடித்தார்கள்.

முதல் வழி, 'அட்டையை நீங்களே கொண்டு வாருங்கள்.' டெபியனில் 'கேம்-டேட்டா-பேக்கேஜர்' என்று ஒரு கருவி உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சி.டி.யையோ கோப்பையோ காட்டினால், உங்கள் கம்ப்யூட்டரிலேயே, உங்களுக்காக மட்டும் பொட்டலம் கட்டித்தரும். நூலைக் கொடுத்தால் நெய்து கொடுக்கும் கூலித்தறி மாதிரி. டெபியன் யாருடைய அட்டையையும் கைமாற்றுவதில்லை.

இரண்டாவது, 'கடையிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு.' ஃபிளாட்பேக் முறையில், பொட்டலத்துக்குள் கேம் கோப்பு இருக்காது; எங்கே கிடைக்கும் என்ற முகவரி மட்டும் இருக்கும். நிறுவும்போது கம்பெனியின் சர்வரிலிருந்தே உங்கள் கம்ப்யூட்டர் இறக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, 'புது அட்டை குத்துவோம்.' 1995-ல் வந்த 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' விளையாட்டின் தறியை ரசிகர்கள் 2004-ல் 'ஓப்பன்-டி.டி.டி.' என்ற பெயரில் புதிதாகச் செய்தார்கள். ஆனால், படங்களுக்கு அசல் கேம் தேவைப்பட்டது. ஒவ்வொரு ரயிலையும் மரத்தையும் கட்டடத்தையும் தன்னார்வலர்கள் புதிதாக வரைந்தார்கள். இசையும் ஒலியும் சேர்ந்து, 2010-ல் பதிப்பு 1.0 வந்தபோது, அசல் கோப்பு இல்லாமலே விளையாட முடிந்தது. கான்ட்ரிப் அறையிலிருந்து மெயின் அறைக்கு இடம் மாறியது.

நான்காவது, மிக எளிய வழி. கேட்டுப் பார்ப்பது! 1994-ல் வெளியான 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' விளையாட்டை உருவாக்கிய ரெவல்யூஷன் நிறுவனம், 2003-ல் அதை எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று அனுமதி எழுதிக்கொடுத்தது. இன்று டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரே தட்டில் இறங்குகிறது. நிறுவனமும் கெட்டுப்போகவில்லை. அதே கதையின் இரண்டாம் பாகத்தை 2020-ல் காசுக்கு வெளியிட்டது.

பாரதி வீட்டு வழக்கு

ஐந்தாவதாக ஒரு வழி நம் ஊரில் உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமை ஒருகாலத்தில் தனியார் கையில் இருந்தது. ஒலிப்பதிவு உரிமை ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம். டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது, அது வழக்கில் போய் நின்றது. பாரதியின் பாட்டு ஊருக்குப் பொது என்று குரல்கள் எழுந்தன. 1949-ல் அரசு அந்த உரிமைகளைப் பெற்றது, ஏவி.எம். பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1955-ல் பாரதி எல்லோருக்கும் சொந்தமானார். அதற்குப் பிறகு எத்தனையோ தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை, குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. நூலுக்கு இருக்கும் இந்த வழி, விளையாட்டுக்கு இன்னும் இல்லை.

தம்பிக்கு என்ன பதில்?

'கிராக்' செய்த கேம் ஒன்றை பென் டிரைவில் வாங்கி வரலாம் என்று தம்பி யோசிக்கலாம். அதில் வைரஸ் இருக்கலாம் என்பது ஒரு பயம். சட்டம் இன்னொரு பயம். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. வியாபார நோக்கம் இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதேசமயம், முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது.

நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறது. டூம் என்ஜினுக்காகத் தன்னார்வலர்கள் புதிதாகப் படம் வரைந்து, இசை அமைத்து, கட்டங்கள் கட்டிய 'ஃப்ரீடூம்' டெபியனின் மெயின் அறையிலேயே இருக்கிறது. தறியும் பொது, அட்டையும் பொது.

அண்ணனுக்கும் ஒரு பாடம் உண்டு. நாளைக்கு அவனே ஒரு தமிழ் விளையாட்டு செய்யலாம். நிரல் யாருடையது, படம் யார் வரைந்தது, இசை எங்கிருந்து வந்தது, யார் என்ன செய்யலாம் என்று முதல் நாளே ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட வேண்டும். காசுக்கு விற்பதானாலும் சரி, இலவசமாகக் கொடுப்பதானாலும் சரி. எழுதாமல் விட்டால், இருபது ஆண்டு கழித்து யாரோ ஒரு பொட்டலக்காரர் அவனைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பின்கட்டில் ஃப்ரீடூம் இறங்கி முடிகிறது. முதல் கட்டம் திறக்கிறது. தம்பி விசைப்பலகையைப் பிடித்துக்கொள்கிறான். முன்கட்டில் தறியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அப்பா எட்டிப் பார்க்கிறார்.

"அட்டை கெடைச்சுதா?"

"கெடைச்சுதுப்பா. இது நம்முது."